மருந்துக்குக் கேட்ட முறை

சாமி,

இந்தக் கடிதத்தை உன் கையில் கொடுக்கிறவனைப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொள்ளாதே. உன் சித்தப்பா மகன் செங்கோடனை நான்தான் அனுப்பினேன். அவனோடு பேசினால் என் பிணத்தைத்தான் பார்ப்பாய் என்று, உன் அப்பாவின் கருமாதி முடிந்த அன்று உன்னிடம் சத்தியம் வாங்கியவளும் நான்தான். அந்தச் சத்தியத்தை இன்றைக்கு நானே திரும்ப எடுத்துக்கொள்கிறேன். முதலில் அவனுக்குத் தண்ணீர் கொடு, டீ வாங்கிக் கொடு. வெண்ணந்தூரிலிருந்து பஸ் மாறித் திருச்செங்கோடு வந்திருப்பான், உடம்பு இன்னும் முழுசாகத் தேறாதவன். பிறகு உட்கார்ந்து நிதானமாகப் படி. புதன்கிழமை உங்கள் ரிக் வண்டி போர்க் கிணறு தோண்ட மத்தியப் பிரதேசத்துக்குக் கிளம்புகிறது, போனால் ஆறு மாதம் கழித்துத்தான் வருவாய் என்பது எனக்குத் தெரியும். அந்த வண்டியில் நீ ஏறக் கூடாது என்பதற்காகத்தான் எழுதுகிறேன். ஏன் என்று சொல்ல வேண்டுமானால் என் வயிற்றெரிச்சல் முழுவதையும் சொல்லியாக வேண்டும். எட்டாவது படித்தவளுக்கு எவ்வளவு எழுத வருமோ அவ்வளவு எழுதுகிறேன்.

உன் சித்தி பாவாயி இந்த வீட்டுக்கு மருமகளாக வந்த நாளிலிருந்து நான் அவளைப் பார்த்து எரிந்துகொண்டுதான் இருக்கிறேன். இதை யாரிடமும் சொன்னதில்லை, ஆனால் ஊரில் தெரியாதவர்களும் இல்லை. அவள் கட்டிய மாடு கிடாரியாகப் போடும், என் மாடு காளைக்கன்றாகப் போடும். அவள் வைத்த முருங்கை காய்க்கும், நான் வைத்தது பூவோடு உதிரும். அண்ணன் தம்பி பாகம் பிரித்தபோது ஊர்ப் பெரியவர்கள் முன்னால் சீட்டு எழுதிக் குலுக்கிப் போட்டார்கள். உன் அப்பா எடுத்த சீட்டில் மேட்டுக்காடு வந்தது, உன் சித்தப்பா எடுத்ததில் கிணற்றை ஒட்டின காடு வந்தது. கிணறு மட்டும் பொது, ஒரு நாள் அவர்களுக்கு, ஒரு நாள் நமக்கு என்று முறை. உன் அப்பா சிரித்துக்கொண்டே துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வந்துவிட்டார். நான் அன்றைக்குச் சோறு ஆக்கவில்லை. சீட்டு என்றாலே அவள் பக்கம்தான் விழும் என்று என் மனதில் அப்போதே பதிந்துபோனது.

உன் அப்பாவுக்கு மலத்தோடு ரத்தம் போக ஆரம்பித்து ஒரு வருஷம் வரை என்னிடம்கூடச் சொல்லவில்லை. சொன்ன பிறகும் நான் என்ன செய்தேன்? மூலச்சூடு என்று துத்திக்கீரையைப் பறித்து விளக்கெண்ணெயில் வதக்கிக் கொடுத்தேன். ஐந்தாறு மாதம் அப்படியே ஓடியது. உடம்பு இளைத்து, வேட்டி இடுப்பில் நிற்காமல் போன பிறகுதான் சேலத்துக்குக் கூட்டிக்கொண்டு போனோம். அங்கே வயிற்றைத் திறந்து பெருங்குடலில் இருந்த கட்டியை எடுத்தார்கள். ஈரலுக்கும் பரவிவிட்டது, இனி அறுத்துப் பயனில்லை, சென்னையில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் ஊசி மருந்து போடுகிறார்கள், அங்கே போங்கள் என்றார்கள். அப்போது நீ பாலிடெக்னிக் விடுதியில் இருந்தாய். அல்சர் ஆபரேஷன் என்று உனக்குச் சொன்னேன். அது நான் உனக்குச் சொன்ன முதல் பொய்.

சென்னையில் எங்களைப் பார்த்த டாக்டரம்மா நல்ல மனுஷி. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, கையைப் பிடித்துக்கொண்டு பேசுவார். “இந்த நோய்க்குப் பல வருஷமா போடற ஊசி ஒண்ணு இருக்கு. சிலருக்குக் கட்டியை அடக்கும், ஆனா அடியோட போக்காது. இப்ப அதோட இன்னொரு மருந்தைச் சேர்த்து ஏத்தினா கூடுதலா வேலை செய்யுமான்னு பாக்கறோம். யாருக்கு எதுன்னு நான் முடிவு பண்ண மாட்டேன். ஒட்டின கவர்ல சீட்டு இருக்கும். அதுல வர்றதுதான். இஷ்டம் இருந்தா சேருங்க. சேரலைன்னாலும் வைத்தியம் உண்டு” என்றார். தமிழில் எழுதின காகிதத்தை வரிவரியாகப் படித்துக் காட்டினார். உன் அப்பா கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போட்டார். சீட்டு என்றதுமே நான் தாலியை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். வேறு அறையில் இருந்த குமாஸ்தா கவரைப் பிரித்துப் பார்த்துச் சொன்னார், பழைய ஊசி மட்டும் என்று. ஐந்து நாள் ஊசி, பிறகு மூன்று வாரம் வீடு, மறுபடி ஐந்து நாள். இரண்டாவது தடவை போய் வந்த பிறகு அவருக்குப் பசி எடுத்தது. “களி கிண்டு புள்ள, ரெண்டு உருண்டை திங்கலாம்போல இருக்குது” என்றார். நானும் கிண்டிப் போட்டேன்.

அந்தச் சமயத்தில்தான் உன் சித்தப்பாவுக்கும் அதே ரத்தப்போக்கு. அண்ணனைப் பார்த்துப் பயந்து உடனே ஓடினார். அப்படியும் ஈரலில் ஒரு புள்ளி வந்திருந்தது. அதே ஆஸ்பத்திரி, அதே டாக்டரம்மா, அதே மாதிரி ஒட்டின கவர். அவர் சீட்டில் இரண்டு மருந்தும் சேர்ந்து வந்தது. இதைக் கேட்டபோது எனக்கு எப்படி இருந்திருக்கும் என்று நீயே நினைத்துக்கொள். புருஷன் உயிருக்குப் போராடுகிறான், அங்கேயும் மேட்டுக்காடு எனக்கு, கிணற்றடிக் காடு அவளுக்கு. உன் அப்பாவின் மூன்றாவது தடவையும் சித்தப்பாவின் முதல் தடவையும் ஒரே வாரத்தில் வந்தன. ஒரே வார்டில் எதிரெதிர்க் கட்டில். உன் அப்பாவுக்கு ஒரு ஊசியோடு முடிந்துவிடும். சித்தப்பாவுக்கு முதலில் ஒரு பாட்டில் மருந்து இரண்டு மணி நேரம் சொட்டுச் சொட்டாக இறங்கும், அதன் பிறகு ஊசி. அந்தச் சொட்டு ஒவ்வொன்றும் என் வயிற்றில் விழுந்தது. பாவாயி அந்தப் பாட்டிலையே பார்த்துக்கொண்டு, கையில் திருநீற்றுப் பொட்டலத்தோடு உட்கார்ந்திருந்தாள். நான் அவளையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

மூன்றாம் நாள் காலையில் அவள் வெந்நீர் வாங்கப் போயிருந்தாள். நான் உன் சித்தப்பாவின் கட்டிலருகே போய் நின்றேன். “தம்பி, கெணத்துத் தண்ணியே ஒரு நா உங்களுக்கு ஒரு நா எங்களுக்குன்னுதான பாயுது? இந்த மருந்தையும் அப்படி முறை வெச்சுக்கலாமுங்க. இன்னைக்கு உங்க அண்ணனுக்கு உடுங்க” என்றேன். வேறு ஊர்க்காரனாக இருந்தால் என்னைப் பைத்தியம் என்று நினைத்திருப்பான். முறைத் தண்ணீரில் பிறந்து வளர்ந்தவருக்கு அது நியாயமாகத்தான் பட்டது. “அதுக்கென்னங்க அண்ணி? அண்ணனுக்கில்லாதது எனக்கா? ஏனுங் சிஸ்டர், இதக் கழட்டி அந்தக் கட்டல்ல மாட்டுங்க” என்றார் உன் சித்தப்பா. உன் அப்பா வேண்டாம் என்று கையை ஆட்டினார், நான் கவனிக்காத மாதிரி இருந்தேன். நர்ஸ் டாக்டரம்மாவைக் கூப்பிட ஓடினாள். அதற்குள் பாவாயி வெந்நீர்ச் செம்போடு வந்துவிட்டாள்.

“என்னுங்கக்கா இது? காட்டத்தான் பங்கு போட்டோம், உசுரையுமா பங்கு கேப்பீங்க?” என்று கத்தினாள். அதுவரை அவள் என்னிடம் குரல் உயர்த்தியதே இல்லை.

“ஏன்டி, நல்லதெல்லாம் உன்ற சீட்டுலயே உழுகோணும்னு எழுதியிருக்குதா?” என்று நானும் விடவில்லை. வார்டே எழுந்து உட்கார்ந்து பார்த்தது.

டாக்டரம்மா வந்தார். திட்டவில்லை. “அம்மா, ரெண்டு மருந்து உசத்தி, ஒண்ணு மட்டம்னு எங்களுக்கே தெரிஞ்சிருந்தா சீட்டே போட்டிருக்க மாட்டோம், எல்லாருக்கும் அதையே குடுத்திருப்போம். சேர்த்துக் குடுத்தா கட்டி அடங்கலாம். வாய்ப்புண்ணும் வயித்துப்போக்கும் அதிகமாகி ஆளையே சாய்க்கவும் செய்யலாம். இன்னைக்கு எங்களுக்கு அது தெரியாது. மாத்தி மாத்திக் குடுத்தா எப்பவுமே தெரியாது. பின்னாடி வர்றவங்களுக்கு நாம என்ன பதில் சொல்றது?” என்றார். “பின்னாடி வாரவங்க கெடக்கட்டுமுங்க, முன்னாடி கெடக்கறவரப் பாருங்க” என்றேன் நான். பின்னால் வருகிறவன் நீதான் என்று எனக்கு அப்போது உறைக்கவில்லை, சாமி.

அன்றைக்கே உன் அப்பாவைக் கிளப்பிக்கொண்டு ஊருக்கு வந்துவிட்டேன். அவளுக்குக் கிடைப்பது எனக்கு இல்லையென்றால், அந்த மட்ட மருந்தும் வேண்டாம் என்ற வீம்பு. சீட்டு முறையிலிருந்து விலகினாலும் பரவாயில்லை, அதே ஊசியைச் சேலத்திலேயே போட ஏற்பாடு செய்கிறேன் என்று டாக்டரம்மா காகிதம் எழுதிக் கொடுத்தார். ரயிலில் அதைச் சுக்கல் சுக்கலாகக் கிழித்து ஜன்னல் வழியாக விட்டேன். உன் அப்பா பார்த்துக்கொண்டுதான் இருந்தார். “எனக்கு அந்த ஊசி ஒத்துக்குச்சு புள்ள. பசியெடுத்துச்சல்ல” என்று மட்டும் சொன்னார். அந்த ஒரு வார்த்தையை இந்த ஐந்து வருஷத்தில் நான் எத்தனை தடவை கேட்டிருப்பேன் என்று எனக்குத்தான் தெரியும். ஊசி போட்டிருந்தால் பிழைத்திருப்பார் என்று சொல்லவில்லை, பிழைத்திருக்க மாட்டார். இன்னும் கொஞ்ச நாள் களி தின்றிருப்பார். அதை நான் அவரிடமிருந்து பிடுங்கினேன். நான்கு மாதத்தில் போய்விட்டார்.

உன் சித்தப்பா அதன் பிறகு எட்டு மாதம் இருந்தார். வாய் முழுக்கப் புண்ணாகி மோர்கூட விழுங்க முடியாமல் தவித்தார், ஒரு தடவை வயிற்றுப்போக்கில் நாடி விழுந்து சேலத்தில் ஐந்து நாள் குளுக்கோஸ் ஏற்றினார்கள் என்றெல்லாம் ஊரில் சொன்னார்கள். எனக்கு எதுவும் காதில் ஏறவில்லை. எட்டு மாதம் என்பது மட்டும்தான் ஏறியது. என் நெற்றி வெறுமையாகி எட்டு மாதம் அவள் பொட்டு வைத்துக்கொண்டு கிணற்றடிக்கு வந்தாள். நீ கேட்டால் கூசும், இருந்தாலும் சொல்கிறேன், அவளும் வெள்ளைச்சேலை கட்டின அன்றைக்குத்தான் எனக்கு ஒரு முழுத் தூக்கம் வந்தது. மருந்தால் எட்டு மாதம் கூடியதா, சீக்கிரம் கண்டுபிடித்ததால் கூடியதா, நான் நிறுத்தியதால் உன் அப்பாவுக்குக் குறைந்ததா, யாருக்கும் தெரியாது. இரண்டு பேரை மட்டும் வைத்துக்கொண்டு எதையும் சொல்ல முடியாது, அதனால்தான் இத்தனை பேரைச் சேர்த்துப் பார்க்கிறார்கள் என்பது எனக்கு இப்போதுதான் புரிகிறது. எனக்கு மட்டும் அப்போதே எல்லாம் தெரிந்த மாதிரி இருந்தது. பொறாமைக்காரிக்கு எப்போதும் அப்படித்தான், எது உசத்தி என்று முன்கூட்டியே தெரிந்துவிடும்.

அதன் பிறகு பாவாயி எனக்கு மூன்று தடவை சேதி அனுப்பினாள். முதல் தடவை ஒரு கல்யாணப் பந்தியில் சொந்தக்காரி ஒருத்தி வந்து, “பாவாயி உங்ககிட்ட ஒண்ணு சொல்லச் சொன்னாளுங்க” என்று ஆரம்பித்தாள். பாதிச் சாப்பாட்டில் இலையை மூடிவிட்டு எழுந்தேன். இரண்டாவது தடவை செங்கோடனே கிணற்றடிக்கு வந்து, “பெரியம்மா, அண்ணனப் பத்தி ஒரு சேதிங்க” என்றான். கையிலிருந்த மண்வெட்டியை ஓங்கிக் காட்டினேன். மூன்றாவது தடவை ராசிபுரம் பஸ் ஸ்டாண்டில் அவளே நேராக வந்தாள். “அக்கா, ஆஸ்பத்திரில டாக்டரம்மா…” என்று வாயெடுத்தாள். புருஷனுக்குச் செய்த பெரிய வைத்தியத்தைப் பற்றிப் பெருமை பேச வருகிறாள் என்று நினைத்து, பக்கத்தில் கிளம்பிக்கொண்டிருந்த பஸ்ஸில் ஏறிவிட்டேன். அது நாமகிரிப்பேட்டை பஸ். எனக்கு அங்கே ஒரு வேலையும் இல்லை. போய் இறங்கி, ஒரு சோடா குடித்துவிட்டு, வந்த வழியே திரும்பி வந்தேன். அவளை ஜெயித்துவிட்டதாக வழியெல்லாம் நினைத்துக்கொண்டேன்.

போன வெள்ளிக்கிழமை நம் முறை. மத்தியானம் போய்ப் பார்த்தால் மோட்டார் அவர்கள் கிழங்குக் காட்டுக்குத் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தது. எனக்கு அதைவிட என்ன வேண்டும்? சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு சண்டைக்குப் போனேன். ஐந்து வருஷம் கழித்து அந்த வாசலை மிதித்தேன். செங்கோடன் கயிற்றுக் கட்டிலில் படுத்திருந்தான். பாவாயி இளநீரைச் சீவிக்கொண்டிருந்தவள் எழுந்து நின்றாள்.

“வாங்கக்கா. மோட்டார அமத்த இப்பத்தான் ஆள அனுப்புனனுங்க. பையன் நேத்துத்தான் மெட்ராசுலிருந்து வந்தான், முறை நெனப்பே இல்லீங்க” என்றாள். நான் கட்டிலில் கிடந்த பையனைப் பார்த்தேன். அவளே சொன்னாள். “ரெண்டு வருசத்துக்கு ஒருக்கா கொழாய் உட்டுக் கொடலப் பாக்கோணும்னு டாக்டரம்மா சொல்லியிருந்தாங்க. போன தடவ ஒண்ணுமில்ல. இந்தத் தடவ பட்டாணியாட்டம் ஒண்ணு மொளச்சிருந்துச்சு. கொழாய்லயே கம்பிய உட்டு அறுத்து எடுத்துட்டாங்க. கேன்சரா மாறறதுக்கு முந்தியே எடுத்தாச்சாம்.”

அவள் சொன்னதன் அர்த்தம் எனக்கு விளங்குவதற்கு முன்னால் என்ன தோன்றியது தெரியுமா? மறுபடியும் இவள் முந்திக்கொண்டாளே என்றுதான் தோன்றியது. பெற்றவள் இப்படியும் இருப்பாளா என்று நீ கேட்கலாம். இருந்தேன், சாமி. அதற்குப் பிறகுதான் உன்னை நினைத்தேன்.

“இது பரம்பரையா வாரதுங்கக்கா. மாமனார் அம்பது வயசுல வயித்துக்கட்டில போனாரல்லங்க, அப்பறம் அண்ணந்தம்பி ரெண்டு பேரும். தலமொறைக்குத் தலமொறை வருதான்னு டாக்டரம்மா கேட்டுக் கேட்டு எழுதுனாங்க. பசங்க ரெண்டு பேத்தையும் பாக்கோணும்னு ரெண்டு காயிதம் குடுத்தாங்க. ஒண்ணு இவனுக்கு. இது உங்க பையனுக்கு” என்று பீரோவைத் திறந்து எடுத்துக்கொண்டு வந்தாள். நான்கு வருஷம் மடித்து வைத்த காகிதம், மடிப்பில் கிழிந்திருந்தது. மேலே உன் பேர். “மூணு தடவ சொல்லியுட்டனுங்க. நானே உங்க பையங்கிட்ட நேரா சொல்லியிருக்கோணும். நீங்க சத்தியம் வாங்கிப்போட்டீங்கன்னு பயந்துட்டேன். அது என்ற தப்புங்கக்கா.” அவள் தன் தப்பு என்று சொன்னதையும் என்னால் தாங்க முடியவில்லை. அதிலும் அவளே என்னைவிட ஒரு படி மேலே போய்விட்டாள்.

வீட்டுக்கு வந்து உட்கார்ந்த பிறகுதான் அது ஞாபகம் வந்தது. போன பொங்கலுக்கு வந்தபோது நீ என்னிடம் என்ன கேட்டாய்? “வண்டில உக்காந்து உக்காந்து ஒரே சூடும்மா. துத்திக்கீர இருந்தா வதக்கிக் குடு” என்றாய். நானும் பறித்து வந்து, விளக்கெண்ணெயில் வதக்கி, பக்கத்தில் உட்கார்ந்து பரிமாறினேன். அதே வாணலி, அதே அடுப்பு. என் மகன் என் கையால் கேட்டுத் தின்கிறானே என்று பூரித்துப்போனேன். ரத்தம் போகிறதா என்று நான் கேட்கவில்லை. நீயும் உன் அப்பா மாதிரியே சொல்லவில்லை.

இனி நீ செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். செங்கோடனிடம் அந்தக் காகிதம் இருக்கிறது. திங்கட்கிழமை காலை சேலத்திலிருந்து அவனோடு ரயில் ஏறு. முதலாளியிடம் நான் சொன்னதாகச் சொல், அடுத்த வண்டியில் போய்க்கொள்ளலாம். குழாய் விடுவதற்கு முந்தின நாள் வயிறு காலியாகும்படி ஏதோ கரைத்துக் கொடுப்பார்களாம், உப்புக் கரிக்குமாம், மூக்கைப் பிடித்துக்கொண்டு குடித்துவிடு. கூச்சப்படாதே. உன் அப்பா கூச்சப்பட்டார், அதற்கு மேல் நான் வீம்பு பிடித்தேன். டாக்டரம்மா முன்னால் என் சார்பில் ஒரு கும்பிடு போடு. அவர் ஏதாவது காகிதத்தில் கையெழுத்துக் கேட்டால், படித்துப் பார்த்து, உன் மனசுக்குச் சரியென்றால் போடு. பக்கத்துக் கட்டிலில் இருப்பவனுக்கு என்ன ஏறுகிறது என்று எட்டிப் பார்க்காதே. இந்தக் கடிதத்தை ஒளித்துப் படிக்கவும் வேண்டாம். உங்கள் ரிக் ஷெட்டில் இருக்கிற எல்லோருக்கும் உரக்கப் படித்துக் காட்டு, என் மானம் போனால் போகட்டும். மூலம் என்று மறைத்துக்கொண்டு வண்டி ஓட்டுகிறவன் அங்கே ஒருத்தனாவது இருப்பான்.

நான் திருந்திவிட்டேன் என்று நினைத்துக்கொள்ளாதே. நேற்றுகூட அவள் வாசல் முருங்கையைப் பார்த்துவிட்டு முகத்தைச் சுளித்துக்கொண்டுதான் வந்தேன். அவளுக்குக் கிணற்றடிக் காடு வந்தது, எனக்கும் வேண்டும் என்று அழுதேன். இரண்டு மருந்து வந்தது, எனக்கும் வேண்டும் என்று முறை கேட்டேன். எட்டு மாதம் வந்தது, அதற்கும் எரிந்தேன். இப்போது அவள் மகன் வயிற்றில் பட்டாணி அளவு ஒன்று இருந்ததாம், எடுத்துவிட்டார்களாம். உன் வயிற்றுக்குள் அந்தக் குழாய் போகிற நேரத்தில் நான் மாரியம்மன் கோயில் வாசலில் ஈரச்சேலையோடு நிற்பேன். அவளுக்கு வந்தது எனக்கு வேண்டாம் தாயே என்று, வாக்கப்பட்டு வந்த இத்தனை வருஷத்தில் முதல் தடவையாகக் கேட்கப்போகிறேன்.

உன் அம்மா